கை நடுங்கும், துப்பாக்கி பொறுக்கும்

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் ஒலிம்பிக் என்றுதான் பெயர். துப்பாக்கி சுடும் போட்டிகள் நடந்ததோ பாரிசுக்குத் தெற்கே வெகுதூரத்தில் இருக்கும் ஷாத்தொரூ என்ற ஊரில். மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச்சுற்றில் எட்டுப் பேரில் ஐந்து பேர் வெளியேறிவிட்டார்கள். மிச்சம் மூவர். இருபத்திரண்டாவது குண்டு பாய்ந்து முடிந்ததும் பலகையில் எண்கள் ஒளிர்ந்தன. தென்கொரியாவின் கிம் யேஜி 221.8. இந்தியாவின் மனு பாக்கர் 221.7. மனு வெண்கலத்தோடு களத்தை விட்டு நகர்ந்தார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்று நாடு கொண்டாடியது.

இருவருக்கும் இடையே இருந்தது வெறும் 0.1. இலக்கில் அது எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாம். ஏர் பிஸ்டல் இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவே 8 மில்லிமீட்டர். அதைப் பத்தாகப் பிரித்தால் 0.1 புள்ளிக்கு 0.8 மி.மீ. உங்கள் பர்ஸில் இருக்கும் ஏடிஎம் அட்டையின் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான். இருபத்திரண்டு முறை கையை நீட்டி, பத்து மீட்டருக்கு அப்பால் சுட்டபின், இருவரையும் பிரித்தது ஓர் அட்டையின் தடிமன்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, டோக்கியோவில், இதே மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவே மக்கர் செய்தது. 75 நிமிடத்தில் 60 குண்டுகள் சுட வேண்டிய சுற்று அது. கிட்டத்தட்ட இருபது நிமிடம் பழுது பார்ப்பதிலேயே போயிற்று. மீதி நேரத்தில் ஓட்டமாகச் சுட்டு 575 எடுத்தார், பன்னிரண்டாம் இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச்சுற்று. இரண்டே புள்ளியில் வாய்ப்பு நழுவியது.

இந்த இரண்டு காட்சிகளையும் பார்த்தவர்களுக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும். குறிபார்த்துச் சுடும் போட்டிக்கு எப்படிப்பட்ட துப்பாக்கி வேண்டும்? எது நேராகச் சுடுமோ அதை வாங்க வேண்டியதுதானே என்று தோன்றும். விஷயம் அவ்வளவு சுலபமாக முடிந்துவிடுவதில்லை.

அட்டையில் ஒரே ஓட்டை

போட்டிக்கென்று செய்யப்படும் ஏர் பிஸ்டலை வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டையும் இருக்கும். தொழிற்சாலையில் அந்தத் துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுக்கி வைத்து, 10 மீட்டரில் ஐந்து குண்டுகள் சுட்டுப் பார்த்த அட்டை. அதில் ஐந்து ஓட்டைகள் இருக்காது. ஐந்து குண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய்ந்த ஒரே ஓட்டைதான் இருக்கும், விளிம்பு கொஞ்சம் பிசிறடித்து.

ஒரு குண்டின் விட்டம் 4.5 மி.மீ. இலக்கின் நடுவே இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. குண்டின் ஓரம் அந்த வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே பத்து. அதாவது குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் எங்கே விழுந்தாலும் பத்துதான். இரும்புப் பிடியில் வைத்த துப்பாக்கி நாள் முழுக்கப் பத்து மட்டுமே போடும். ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆஸ்திரியாவின் ஸ்டெயர், சுவிட்சர்லாந்தின் மொரினி, இத்தாலியின் பார்தினி என்று பெயர்பெற்ற எந்த நிறுவனத்தின் துப்பாக்கியை எடுத்தாலும் இந்தப் பரிசோதனையில் தேறிவிடும்.

ஆகவே துப்பாக்கியின் நேர்த்தியைப் பற்றிய கேள்வி கடைக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது. இரும்புப் பிடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மனிதக் கையை வைத்ததும்தான் கதை தொடங்குகிறது. பத்து எட்டாவதும் ஏழாவதும் கையால், கண்ணால், மூச்சால். போட்டித் துப்பாக்கியின் ஒவ்வோர் உறுப்பும் மனித உடம்பின் ஏதோ ஒரு குறைக்குப் பதிலாகவே உருவானது. எந்தக் குறை உங்களுக்கு அதிகம் என்று தெரிந்தால் எந்தத் துப்பாக்கி என்பதும் தெரிந்துவிடும்.

தண்ணீர் பாட்டில் சொல்லும் பாடம்

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்புங்கள். ஏர் பிஸ்டலின் எடையும் ஏறத்தாழ ஒரு கிலோதான். பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, கையைத் தோள் உயரத்தில் நேராக நீட்டுங்கள். இன்னொரு கையால் தாங்கக் கூடாது; விதிப்படி ஒற்றைக் கைதான். பத்து விநாடியில் ஒன்றும் தெரியாது. இருபதில் தோள் கேள்வி கேட்கும். முப்பதில் தண்ணீரின் மேற்பரப்பில் சின்னச் சின்ன அலைகள் ஓடத் தொடங்கும்.

அந்த அலைகள்தான் சுடுபவரின் எதிரி. உடம்பில் நோய் எதுவும் இல்லாத எல்லோருக்கும் இயல்பாகவே இருக்கும் நடுக்கம் அது. விநாடிக்குச் சுமார் எட்டு முதல் பன்னிரண்டு முறை விரலும் மணிக்கட்டும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. தசை நார்கள் ஒரே சீராக இழுப்பதில்லை. தவணை முறையில் இழுக்கின்றன. அதன்மேல் மூச்சு ஏறி இறங்கும் அசைவு. அதற்கும் மேல் இதயம் ஒவ்வொரு முறை ரத்தத்தைத் தள்ளும்போதும் கை முழுக்கப் பரவும் ஒரு மெல்லிய உதறல்.

இந்த உதறலின் மதிப்பை உலகம் ஒருமுறை வெளிப்படையாகக் கண்டது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங் சூ பிஸ்டல் போட்டிகளில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றார். பரிசோதனையில் அவர் உடம்பில் புரோபிரனோலால் இருந்தது தெரிந்து இரண்டும் பறிக்கப்பட்டன. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரைதான் அது. ஓட்டப்பந்தய வீரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. துப்பாக்கி சுடுபவருக்கோ இதயத்தை மெதுவாக்கி, கை நடுக்கத்தைக் குறைக்கும் ஊக்கமருந்து.

நடுக்கம் ஒரு கணம் அடங்கும்போது சுட்டால் போதாதா? போதாது. 'இப்போது' என்று மூளை முடிவெடுத்து விரல் அசைவதற்குச் சுமார் 0.2 விநாடி ஆகும். விநாடிக்குப் பத்து முறை நடுங்கும் கை அதற்குள் இரண்டு முறை போய்வந்துவிடும். நீங்கள் பார்த்த நல்ல கணம் எப்போதோ கடந்துபோயிருக்கும். அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் கணத்தைப் பிடிக்கச் சொல்வதில்லை. 'ஆட்டத்தை ஆடவிடு, விசையை மட்டும் சீராக அழுத்து' என்பதே பாடம்.

கண்ணுக்கு மூன்று வேலை

பிஸ்டலின் மேல் இரண்டு குறிகள் இருக்கும். கைக்கு அருகே சதுரமாக வெட்டிய பள்ளத்தோடு பின்குறி. குழலின் நுனியில் ஒற்றைப் பல் போல முன்குறி. பள்ளத்தின் நடுவே பல் நிற்க வேண்டும். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு நேரே இலக்கு. பின்குறி, முன்குறி, இலக்கு என்று மூன்று தூரங்கள். மனிதக் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும்.

புதியவர்கள் எல்லோரும் இலக்கைத்தான் பார்ப்பார்கள். தேர்ந்தவர்கள் முன்குறியைப் பார்ப்பார்கள். இலக்கு மங்கலான கறுப்புப் பொட்டாகத் தெரிந்தால் போதும். காரணம் எளிய வடிவியல். ஏர் பிஸ்டலில் இரு குறிகளுக்கும் இடையே சுமார் 350 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு சற்றே மடங்கி, முன்குறி பள்ளத்தின் நடுவிலிருந்து 1 மி.மீ. விலகினால், அந்தப் பிசகு 10 மீட்டரில் ஏறத்தாழ 28 மி.மீ. ஆகப் பெருகும். பத்து விழ வேண்டிய இடத்தில் ஏழு விழும். இதற்கு மாறாக, குறிகள் ஒன்றுக்கொன்று நேராகவே இருந்து, துப்பாக்கி முழுவதும் இணையாக 1 மி.மீ. நகர்ந்தால், குண்டும் 1 மி.மீ.தான் நகரும். அதே பத்துதான்.

பத்துக்குள் நிற்க முன்குறி எவ்வளவு பிசகலாம் என்று திருப்பிக் கணக்குப் போட்டால் 0.28 மி.மீ. வருகிறது. மூன்று தாள்களை அடுக்கினால் வரும் தடிமன். பாகையில் சொன்னால் ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு.

அதனால்தான் சுடுபவர்கள் கறுப்பு வட்டத்தின் நடுவைக் குறிபார்ப்பதில்லை. கறுப்புக்கு மேல் கறுப்பு முன்குறி கரைந்துபோகும். அதற்குக் கீழே, வெள்ளைத் தாளில் முன்குறியை நிறுத்துகிறார்கள். குண்டு அதைவிட மேலே விழும்படி பின்குறியைத் திருகி வைத்திருப்பார்கள். குண்டு 10 மீட்டர் போவதற்குள் புவியீர்ப்பால் 2 செ.மீ.க்கு மேல் தாழ்ந்துவிடும். அந்தக் கணக்கும் அதே திருகில் அடங்கிவிடுகிறது.

வாங்கும்போது இங்கே பார்க்க வேண்டியது பள்ளத்தின் அகலம். முன்குறியின் இருபுறமும் தெரியும் வெளிச்சக் கீற்று மிக ஒடுக்கமாக இருந்தால் கண் சீக்கிரம் களைக்கும். மிக அகலமாக இருந்தால் நடு எது என்று தெரியாது. நல்ல போட்டித் துப்பாக்கிகளில் இந்த அகலத்தை மாற்றிக்கொள்ளலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு யோசனை: துப்பாக்கியை மாற்றுவதற்கு முன் கண்ணாடியை மாற்றுங்கள். கையெட்டும் தூரத்தில் முன்குறி தெளிவாகத் தெரியும்படி ஒரு லென்ஸ் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கழைக்கூத்தாடியின் மூங்கில்

கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடி ஏன் அவ்வளவு நீளமான மூங்கிலைக் கையில் பிடித்திருக்கிறார்? மூங்கிலின் எடை அவரைக் காப்பதில்லை. அந்த எடை உடம்பிலிருந்து வெகுதூரம் பரவியிருப்பதுதான் காக்கிறது. தூரத்தில் இருக்கும் எடையைத் திருப்புவது கடினம். ஆகவே அது மெதுவாகச் சாயும். சாய்வதற்குள் அவர் சுதாரித்துக்கொள்வார்.

பிஸ்டலுக்கும் அதே இயற்பியல். ஐம்பது கிராம் எடையைக் கைக்கு 5 செ.மீ. முன்னால் வைப்பதற்குப் பதில் 20 செ.மீ. முன்னால் வைத்தால், தூரம் நான்கு மடங்கு. திருப்பத்துக்கு அது காட்டும் தடை பதினாறு மடங்கு. போட்டித் துப்பாக்கிகளின் குழலுக்கு அடியில் சின்னச் சின்ன எடைகளை நகர்த்தி மாட்டும் வசதி இதற்காகத்தான். முனை கனமாக இருந்தால் வேகமான நடுக்கம் அமுங்கி, மெதுவான, கண்ணால் தொடரக்கூடிய ஆட்டமாக மாறும்.

அப்படியானால் விதி அனுமதிக்கும் 1,500 கிராம் வரை ஏற்றிவிடலாமே? அறுபது குண்டுகள் சுட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கி, நிறுத்தி, மனம் ஒப்பாவிட்டால் இறக்கி, மறுபடி தூக்க வேண்டும். கனமான துப்பாக்கி முதல் இருபது குண்டுகளில் தரும் லாபத்தைக் கடைசி இருபதில் வட்டியோடு வாங்கிக்கொள்ளும். பெரும்பாலோர் ஒரு கிலோவை ஒட்டியே நின்றுகொள்வது இதனால்தான். கடையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுக் 'கச்சிதமாக இருக்கிறது' என்று முடிவெடுப்பவர்கள் முதல் குண்டுக்கு மட்டும் துப்பாக்கி வாங்குகிறார்கள்.

கைக்கென்று செதுக்கிய மரம்

போட்டித் துப்பாக்கியில் பார்ப்பவர் கண்ணை முதலில் இழுப்பது அதன் மரப்பிடி. வால்நட் மரத்தில், விரல்களுக்குப் பள்ளமும் கட்டைவிரலுக்கு மேடையும் வைத்து, அடியில் உள்ளங்கையைத் தாங்க ஏற்றி இறக்கும் பலகையோடு, சிற்பம் போல இருக்கும். அழகுக்காகச் செய்ததில்லை. விரல்கள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் உட்கார வேண்டும். இந்த முறை சுண்டுவிரல் கொஞ்சம் அதிகமாக இறுக்கினால் முனை தாழும். கட்டைவிரல் அழுத்தினால் பக்கவாட்டில் தள்ளும். பிடி சரியாக அமைந்தால் கைக்கு வேறு வழியே இருக்காது.

இதற்கு ஒரு சோதனை உண்டு. துப்பாக்கியில் குண்டு இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில், கண்ணை மூடிக் கையை உயர்த்துங்கள். கண்ணைத் திறங்கள். முன்குறி பள்ளத்தின் நடுவில் நிற்கிறதா? நின்றால் அந்தப் பிடி உங்களுடையது. இடப்பக்கமோ வலப்பக்கமோ மேலோ கீழோ ஒதுங்கி நின்றால், நீங்கள் மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அறுபது முறை அப்படித் திருப்பினால் ஒருமுறையாவது மறந்துபோகும்.

ஒலிம்பிக்கில் 2016 ரியோ வரை நடந்த 50 மீட்டர் பிஸ்டல் போட்டியில் பிடிக்குக் கட்டுப்பாடு மிகக் குறைவு. மரம் கையுறை போலக் கையை முழுக்கச் சூழ்ந்துகொள்ளலாம், மணிக்கட்டு மட்டும் விடுபட்டிருந்தால் போதும். தென்கொரியாவின் ஜின் ஜோங் ஓ 2008, 2012, 2016 என்று தொடர்ந்து மூன்று முறை அந்தத் தங்கத்தை வென்றார். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் கையைச் சூழக் கூடாது. பக்கத்தில் அணைக்கலாம், அவ்வளவுதான்.

எந்தக் கைக்குப் பிடி என்பதும் ஒரு கேள்வி. நம் இரு கண்களில் ஒன்று எப்போதும் தலைமை தாங்கும். சிலருக்கு வலது கைப் பழக்கமும் இடது கண் தலைமையும் சேர்ந்து வந்து குழப்பும். கை பழகிக்கொள்ளும் என்பதற்கு ஹங்கேரியின் காரோலி தகாச்சை விடப் பெரிய சாட்சி கிடையாது. ராணுவத்தில் இருந்த அவருடைய வலது கையில் 1938இல் கையெறி குண்டு வெடித்துக் கை சிதைந்தது. யாருக்கும் சொல்லாமல் இடது கையால் பயிற்சி எடுத்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் விரைவுப் பிஸ்டல் போட்டியில் இடது கையால் தங்கம். 1952 ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம். கையைக்கூட மாற்றிக்கொள்ளலாம், கைக்குப் பொருந்தாத பிடியோடு மட்டும் காலம் தள்ள முடியாது.

அரை கிலோ விசை

ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. போட்டிக்கு முன் அதிகாரிகள் விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் துப்பாக்கியைத் தூக்குவார்கள். கல் தூக்கப்படும் முன் விசை விடுபட்டால் அந்தத் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. 25 மீட்டர் போட்டித் துப்பாக்கிக்கு இது 1,000 கிராம்.

ஒரு கிலோ துப்பாக்கியில் அரை கிலோ அழுத்தம் என்பது சின்ன விஷயமில்லை. தராசின் ஒரு தட்டில் விரலை வைத்து, தட்டு ஆடாமல் அழுத்துவது போல. விரல் நேர் பின்னால் இழுக்காமல் சற்றே பக்கவாட்டில் தள்ளினாலும் மூன்று தாள் தடிமன் எப்போதோ தீர்ந்துபோகும். எனவே போட்டித் துப்பாக்கியின் விசை இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதல் கட்டத்தில் எடையின் பெரும்பங்கை விரல் மெல்ல ஏற்றுக்கொண்டு ஒரு சுவரில் முட்டி நிற்கும். மிச்சம் இருக்கும் சிறு பங்கை ஏற்றியதும், கண்ணாடிக் குச்சி ஒடிவது போல, எந்த இழுபறியும் இல்லாமல் விடுபடும். விடுபட்ட பின்னும் விரல் சரிந்து ஓடாதபடி ஒரு தடுப்பு இருக்கும்.

மின்விசைத் துப்பாக்கிகளும் உண்டு. அங்கே உலோகக் கொக்கிகள் ஒன்றை ஒன்று உரசி விடுபடுவதற்குப் பதில், விரல் ஒரு மின்சுற்றை மூடுகிறது. ஆயிரமாவது அழுத்தமும் முதல் அழுத்தமும் ஒன்றுபோலவே இருக்கும். நன்மை அது. பேட்டரியும் சுற்றும் கூடவே வருகின்றன என்பது அதன் விலை. இயந்திர விசையோ மின்விசையோ, போட்டிப் பையில் மாற்று உறுப்பும் அதைப் பொருத்தப் பழகிய கையும் இருக்க வேண்டும் என்பதை டோக்கியோவின் அந்த இருபது நிமிடங்கள் கற்றுத் தந்தன.

காற்றின் மூன்று தலைமுறைகள்

விசை விடுபட்ட பிறகும் வேலை முடிவதில்லை. குண்டு குழலுக்குள் இருக்கும் சில மில்லிவிநாடிகளுக்குள் துப்பாக்கி அசைந்தால் குண்டும் அசையும். ஏர் பிஸ்டலின் வரலாறே இந்தச் சில மில்லிவிநாடிகளை அமைதியாக்கும் முயற்சிதான்.

முதல் தலைமுறை சுருள்வில். விசையை அழுத்தினால் வில் விரிந்து ஓர் உருளையை முன்னே தள்ளும். அது காற்றை அமுக்கிக் குண்டைத் துரத்தும். கனமான உருளை முன்னே பாயும்போது துப்பாக்கி எகிறும். குண்டோ இன்னும் குழலுக்குள்தான். ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 65 இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டது. குழலும் உருளையும் சேர்ந்த பகுதி ஒரு தண்டவாளத்தின் மேல் பின்னோக்கி வழுக்கும். கையில் இருக்கும் பிடி அசையாது. எகிறல் உள்ளேயே தீர்ந்துபோகும்.

அடுத்தது கார்பன் டை ஆக்சைடு. சிறு உருளைக்குள் திரவமாக இருக்கும் வாயு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆவியாகிக் குண்டைத் தள்ளும். வில்லும் இல்லை, எகிறலும் இல்லை. ஆனால் அதன் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும். 20 டிகிரியில் சுமார் 57 பார். 30 டிகிரியில் 70ஐத் தாண்டும். 31 டிகிரி செல்சியசுக்கு மேலே போனால் அந்த வாயு எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகவே இருக்காது. ஐரோப்பிய அரங்கின் குளிரில் ஒழுங்காகச் சுட்ட துப்பாக்கி சென்னையின் மே மாதத்தில் வேறு துப்பாக்கியாகிவிடும். காலையில் சரிசெய்த குறி மதியம் பொய் சொல்லும்.

இன்று ஆள்வது மூன்றாவது தலைமுறை. உருளையில் 200 பார் வரை அடைத்த சாதாரணக் காற்று. உள்ளே இருக்கும் சீராக்கி ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு அழுத்தத்தை அளந்து கொடுக்கும். முதல் குண்டுக்கும் நூறாவதுக்கும் வேகம் மாறாது. பல துப்பாக்கிகளில், குண்டு முன்னே போகும் அதே கணத்தில் ஒரு சிறு எடை பின்னே ஓடி மிச்ச உதைப்பையும் விழுங்கிவிடுகிறது. பழைய துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவர்கள் உருளையின் மேல் பொறித்த தேதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுகளைக் கடந்த உருளையைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள். 200 பார் அழுத்தத்தைக் கையில் பிடித்துக்கொள்ளும் விஷயத்தில் அந்தக் கண்டிப்பு நியாயமே.

அமெரிக்கரின் 2,700

காற்றுக்குப் பதில் வெடிமருந்துத் தோட்டாவால் சுடும் போட்டிகளும் உண்டு. அமெரிக்காவில் அவற்றில் ஒன்றுக்கு 'புல்ஸ்ஐ' என்றே பெயர். ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக் கரையில் உள்ள கேம்ப் பெர்ரி அதன் திருத்தலம். 1907 முதல் தேசியப் போட்டிகள் அங்கே நடந்துவருகின்றன. அங்கும் ஒற்றைக் கைதான். தூரம் 50 கெஜமும் 25 கெஜமும். மெதுவாகப் பத்து நிமிடத்தில் பத்துக் குண்டு, பிறகு இருபது விநாடியில் ஐந்து, கடைசியாகப் பத்து விநாடியில் ஐந்து. இதையே .22 தோட்டா, அதைவிடப் பெரிய தோட்டா, .45 தோட்டா என்று மூன்று வகையிலும் சுட வேண்டும். வகைக்குத் தொண்ணூறு குண்டு, மொத்தம் 270. எல்லாம் பத்தானால் 2,700.

இங்கே தேர்வின் கணக்கு மாறுகிறது. .22 குண்டு சுமார் இரண்டரை கிராம்; ராணுவத்தின் .45 குண்டு சுமார் 15 கிராம். பத்து விநாடியில் ஐந்து என்றால், முதல் குண்டின் உதைப்பில் எகிறிய குறி அடுத்த இரண்டு விநாடிக்குள் திரும்பி வந்து நிற்க வேண்டும். துல்லியத்தைவிடத் திரும்பி வரும் பழக்கமே அங்கே பெரிது. குழல் கைக்கு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, அவ்வளவு நேராக உதைப்பு தோளுக்குள் போகும். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் விரைவுப் போட்டியில், நான்கு விநாடியில் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டிய கட்டமும் உண்டு. அங்கும் துப்பாக்கிகளின் குழல் தாழ்ந்தே இருக்கும்.

அமெரிக்கப் போட்டியில் சிவப்புப் புள்ளிக் குறிக்கு அனுமதி உண்டு, ஒலிம்பிக்கில் கிடையாது. புள்ளியும் இலக்கும் ஒரே தூரத்தில் இருப்பது போலத் தெரிவதால் கண்ணுக்கு மூன்று வேலை இல்லை, வயதானவர்களுக்கு வரம். ஆனால் இரும்புக் குறியில் தெரியாமல் இருந்த நடுக்கம் எல்லாம் அந்தப் புள்ளியின் ஆட்டமாக அப்பட்டமாகத் தெரியும். அதைத் துரத்திக்கொண்டு விசையைச் சுண்டினால் மதிப்பெண் குறையும். .45 ஆசையோடு வரும் புதியவரிடம் அனுபவசாலிகள் முதலில் ஒரு .22ஐத்தான் கொடுப்பார்கள். உதைப்பும் ஓசையும் தோட்டாச் செலவும் குறைவு. தவறு யாருடையது என்று தெளிவாகத் தெரியும்.

ஆக, எதை வாங்குவது?

2024 பாரிசில் துருக்கியின் யூசுஃப் திகெச் ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டபடி, வழக்கமான கண்ணாடியோடு நின்று வெள்ளி வென்ற படம் உலகம் முழுக்கச் சுற்றியது. 'கருவி எதற்கு, திறமை போதும்' என்று பலர் எழுதினார்கள். படத்தை இன்னொரு முறை பாருங்கள். மற்ற வீரர்கள் கண்ணருகே மாட்டும் பட்டைகளும் மறைப்புகளும்தான் இல்லை. நீட்டிய கையில் இருந்தது, செதுக்கிய பிடி கொண்ட முழுமையான போட்டித் துப்பாக்கி. தேவையற்றதை எல்லாம் கழித்தவரும் அதைக் கழிக்கவில்லை.

வாங்குவதற்கான வரிசை என் கணக்கில் இது: முதலில் பிடி, அடுத்து விசை, மூன்றாவது எடையின் பரவல், நான்காவது குறிகள். நிறுவனத்தின் பெயர் கடைசி. நல்ல போட்டித் துப்பாக்கி லட்சத்தைத் தாண்டும். ஆகவே வாங்கும் முன் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து, அங்கிருக்கும் துப்பாக்கியில் சில மாதம் சுடுவதே புத்திசாலித்தனம். இந்தியாவில் 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் ஐந்தாறு ஜூல்தான். .22க்கு உரிமம் வேண்டும். உரிமம் தேவைப்படாவிட்டாலும் அது பொம்மையில்லை. கண்ணில் பட்டால் கண் போகும். சுடுதளத்துக்கு வெளியே அதற்கு வேலையே கிடையாது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பயிற்சியின் பெரும்பகுதிக்குக் குண்டே தேவையில்லை. வெற்றுச் சுவரை நோக்கிக் குறியை நிறுத்தி, குண்டு போடாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகுவதை உலக வீரர்களும் தினமும் செய்கிறார்கள். விசை விடுபட்ட கணத்தில் முன்குறி துள்ளாமல் பள்ளத்தின் நடுவிலேயே நிற்கிறதா என்பது மட்டுமே கேள்வி. அப்படி நிற்கவைக்கும் துப்பாக்கி எதுவோ, அதுதான் உங்களுக்கானது. அதுவரைக்கும் தினமும் காலையில் அந்தத் தண்ணீர் பாட்டிலைத் தூக்குங்கள்.